டி-பாரா, லிங்க்கா? மலையில் பேன் கார் வாங்குபவர்களுக்கு

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஆர்.சி. பேன் கார் (தட்டைப் பலகை மேல் செய்த, ரிமோட்டில் ஓடும் சின்னப் பந்தய வண்டி) ஓட்ட ஆசைப்படுபவர்கள், பூட்டிக்கொள்ளும் கிட் வாங்கும் நேரத்தில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். "அண்ணா, பின்னாடி டி-பார் இருக்கறதே போதுங்களா, இல்ல காசு சேத்து லிங்க் வண்டியே எடுத்துரலாமா?" இரண்டும் வண்டியின் பின்பக்கத்தைத் தாங்கும் அமைப்புகள். வெளிநாட்டுக்காரர்களைக் கேட்டால் யோசிக்காமல் லிங்க் என்பார்கள். அவர்கள் ஓட்டுவது கார்பெட் விரித்த உள்ளரங்கில். வாரா வாரம் அதே கார்பெட், அதே வெப்பநிலை. இங்கே இந்த வாரம் பள்ளிக்கூடத்து பாஸ்கெட்பால் கோர்ட், அடுத்த வாரம் ஹட்டியின் (படுகர் ஊரின்) சமுதாயக் கூடம், மழை பிடித்துக்கொண்டால் கல்யாண மண்டபத்து டைல்ஸ் தரை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாரா வாரம் ஒரே தரையில் ஓட்ட முடிகிறவர் லிங்க் வாங்கலாம். தரை மாறிக்கொண்டே இருக்கிறவருக்கு டி-பார் போதும், மிச்சப் பணத்தை டயரில் போடலாம். ஏன் என்பதுதான் இனி.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம். பேன் காரின் உடம்பு கார்பன் ஃபைபரிலோ எஃப்.ஆர்.பி.யிலோ (கண்ணாடி இழைப் பிளாஸ்டிக்) செய்த ஒரே தட்டைப் பலகை. முன் சக்கரம் திரும்பும் கம்பியான கிங்பின்னில் சின்ன ஸ்பிரிங் உண்டு. பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில். அந்த அச்சையும் மோட்டாரையும் தாங்கும் பெட்டிதான் பாட். கியர்பாக்ஸ் கிடையாது, மோட்டாரின் சின்னப் பல்சக்கரமான பினியன், அச்சின் பெரிய பல்சக்கரமான ஸ்பரை நேராகச் சுழற்றும். பள்ளம் மேட்டுக்கும் ஆக்ஸிலரேஷனுக்கும் இந்தப் பாட் மேலும் கீழும் அசைய வேண்டும், வளைவில் பக்கவாட்டில் சாயவும் வேண்டும். இந்த இரண்டு அசைவையும் யார் பார்த்துக்கொள்வது என்பதில்தான் டி-பாரும் லிங்க்கும் பிரிகின்றன. முன்பக்கத்து கேம்பர், கேஸ்டர், டோ என்கிற சக்கரக் கோணங்கள் எல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

எதை வைத்து எடை போடுவது

முதலில் தரை. மலையில் சமதளம் கிடைப்பதே கஷ்டம். வெளிக் கோர்ட்டுகளில் மழைத் தண்ணீர் வடிவதற்காக ஒரு பக்கம் சாய்த்துத்தான் சிமெண்ட் போட்டிருப்பார்கள். வெடிப்பு இருக்கும், ஓரத்தில் பாசி இருக்கும். சுற்றிலும் மரம் இருந்தால் சில்வர் ஓக் இலையும் கற்பூர மரப் பட்டையும் டிராக்கில் விழுந்துகொண்டே இருக்கும். கூட்டிப் பெருக்கினாலும் பொடி மண் போகாது.

அடுத்தது குளிர். ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர், கொடைக்கானல் 2,133, குன்னூர் 1,850. ஜனவரிக் காலையில் ஊட்டிப் புல்வெளியில் உறைபனி படிந்திருக்கும், மதியம் வெயில் சுள்ளென்று அடிக்கும். அசைவின் வேகத்தை அடக்கும் டேம்பருக்குள் இருக்கும் சிலிக்கான் ஆயிலும் கிரீஸும் குளிரில் கெட்டியாகும். லிப்போ பேட்டரியின் உள் எதிர்ப்பு ஏறி வோல்டேஜ் இறங்கும். நிஜக் காரில் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவுள்ள 1/12 வண்டியில் இருப்பது 3.7 வோல்ட் ஒற்றை செல் என்பதால் அது உடனே தெரியும். காலையில் பார்த்துப் பார்த்து வைத்த செட்டிங் மதியம் வேறு வண்டியுடையது போல நடந்துகொள்ளும். எந்த அமைப்பில் இந்த மாற்றம் குறைவாகத் தெரிகிறது என்று பார்க்க வேண்டும்.

உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் விங் வேலை செய்யாது என்று சிலர் கவலைப்படுவார்கள். ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பது உண்மைதான். ஆனால் பாஸ்கெட்பால் கோர்ட்டில் வண்டி போகிற வேகத்துக்கு அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

மூன்றாவது உதிரிபாகம்: உடைந்தால் எங்கே கிடைக்கும், எத்தனை நாளில் மேலே வந்து சேரும். நாலாவது, செட்டப்புக்கு உங்களிடம் இருக்கும் நேரமும் பொறுமையும். கடைசியாக, போட்டிக்கு எங்கே போகிறீர்கள் என்பது. இங்கேயே நண்பர்களோடு ஓட்டுவது ஒரு ரகம். 411 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோயம்புத்தூருக்கோ, அதைத் தாண்டி பெங்களூர், சென்னைக்கோ இறங்கிப் போய் ஓட்டுவது வேறு ரகம்.

டி-பார்

ஆங்கில டி எழுத்து வடிவத்தில் ஒரு தட்டு. குறுகிய பக்கம் சேசிஸில், அகலப் பக்கம் பாட்டில். தட்டு வளைந்தால் பாட் மேலும் கீழும் போகும், முறுகினால் சாயும். டாமியாவின் எஃப்103, எஃப்104 ஃபார்முலா வண்டிகள் இந்த ரகம்.

இதன் குறையும் இங்கேயே இருக்கிறது. இரண்டு வேலையையும் ஒரே தட்டு செய்வதால் ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றை மாற்ற முடியாது. வளைவில் வண்டி ரொம்பச் சாய்கிறதே என்று கனமான தட்டு போட்டால் குண்டு குழியில் பின்பக்கம் குதிக்க ஆரம்பிக்கும். குதிப்பதைக் குறைக்க மெல்லிய தட்டு போட்டால் ஸ்டீரிங் மந்தமாகும். இடையில் எங்கோ ஓர் இடத்தில் சமாதானமாகிவிட வேண்டும்.

மலையில் அந்த இடம் எளிதில் கிடைத்துவிடுகிறது. இங்கே தரைப்பிடிப்பு எப்போதும் குறைவு. பிடிப்பு குறைவான தரைக்கு மெல்லிய, நன்றாக வளையும் தட்டுதான் தேவை. அதே தட்டு வெடிப்பு விட்ட சிமெண்டுக்கும் ஒத்துப்போகிறது. அதாவது, டி-பாரால் தர முடியாத கனமான ரோல் (பக்கச் சாய்வு), மென்மையான பிட்ச் (மேல் கீழ் அசைவு) என்கிற கலவை இங்கே பெரும்பாலும் தேவைப்படுவதே இல்லை. அது தேவைப்படுவது கார்பெட்டில்.

மண்ணும் தூசியும் இதற்குப் பெரிய எதிரி இல்லை. பால் ஜாயிண்ட் கிடையாது, முன்முனையில் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையமோ, அசைய விடும் ஒற்றை மூட்டான பிவட்டோதான். குளிரில் ஓ-ரிங் கொஞ்சம் இறுகும், உராய்ந்து அசைவை அடக்கும் ஃப்ரிக்ஷன் பிளேட் இருந்தால் அதன் கிரீஸ் கெட்டியாகும். தட்டின் விறைப்பு காலைக்கும் மதியத்துக்கும் சொல்லும்படி மாறாது.

மறைந்திருக்கும் செலவு தட்டுதான். எஃப்.ஆர்.பி. தட்டில் ஸ்க்ரூ ஓட்டையைச் சுற்றி வெளுத்துப்போனால் உள்ளே இழை விட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். உடையும்வரை வெயிட் பண்ணக் கூடாது. அந்த நிலையில் ஒரு பக்கம் மட்டும் லேசாகி வண்டி ஒரு கைப்பக்கம் இழுக்கும், நாமோ ஸ்டீரிங் டிரிம்மைத் திருகிக்கொண்டிருப்போம். சுவரில் நேராக மோதினால் முதலில் போவதும் இந்தத் தட்டு. அதில் ஒரு நல்லதும் இருக்கிறது: தட்டு போனால் சேசிஸ் தப்பிக்கும்.

இன்னொரு வசதியை வெளிநாட்டுக்காரர்கள் சொல்ல மாட்டார்கள். இது வெறும் தட்டைப் பலகை. பழைய தட்டையே அளவாக வைத்து ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்தால் கோயம்புத்தூரில் கணபதிப் பக்கமோ குறிச்சி சிட்கோவிலோ சி.என்.சி. ரவுட்டர் வைத்திருக்கும் பட்டறையில் வெட்டி வாங்கிவிடலாம். இரண்டு மூன்று கனத்தில் வெட்டி வைத்துக்கொண்டால் செட்டப் பெட்டியும் ஆயிற்று. வீட்டிலேயே ஹாக்சா பிளேடில் அறுப்பதானால் மாஸ்க் போட்டுக்கொண்டு, தண்ணீர் தொட்டுத் தேய்க்கவும். கண்ணாடி இழைத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

லிங்க்

இங்கே வேலை பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. நடுவில் ஒரு பால் பிவட் பாட்டைத் தாங்குகிறது. இரண்டு பக்கமும் இரண்டு லிங்க்குகள் அச்சு கோணாமல் பிடித்துக்கொள்கின்றன. மேலும் கீழும் அசைவதை நடு ஷாக் பார்த்துக்கொள்ளும். சாய்வதை சைடு ஸ்பிரிங்கும், சாய்கிற வேகத்தை டேம்பர் டியூபும் பார்த்துக்கொள்ளும். ஒன்றைத் தொடும்போது மற்றொன்று மாறாது.

செட்டப் தெரிந்தவர் கையில் இது அருமையான கருவி. பின்பக்கம் வளைவில் வீசுகிறதா, சைடு ஸ்பிரிங்கை ஒரு படி மென்மையாக்கலாம். முன்பக்கம் தள்ளிக்கொண்டே போகிறதா, சைடு ஸ்பிரிங்கைக் கனமாக்கலாம், இல்லாவிட்டால் முன் ஸ்பிரிங்கை மென்மையாக்கலாம். திசை திருப்பும்போது வண்டி துடுக்காக வெட்டினால் டியூபில் இன்னும் கெட்டியான ஆயில். எதைச் செய்தால் என்ன ஆகும் என்று பிரித்துப் பார்த்துப் படிக்க இதைவிட நல்ல வண்டி இல்லை. இன்று பந்தயத் தரத்தில் வரும் 1/12 கிட்டுகள் ஏறக்குறைய எல்லாமே லிங்க் என்றால் அதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் மற்றதெல்லாம் மாறாமல் இருக்க வேண்டும். ஸ்பிரிங்கை மாற்றிவிட்டு ஓட்டும்போது பனிமூட்டம் இறங்கித் தரை ஈரமாகிவிட்டால், வித்தியாசம் ஸ்பிரிங்கால் வந்ததா ஈரத்தால் வந்ததா? சொல்லவே முடியாது. போன வாரம் எழுதி வைத்த செட்டப் இந்த வாரத் தரைக்குப் பொருந்தாது. லிங்க் வண்டிக்குக் கொடுக்கும் கூடுதல் காசில் பாதி இப்படியே வீணாகிறது.

மறைந்திருக்கும் செலவும் இதில்தான் அதிகம். பால் ஜாயிண்ட்டுகள் ஆட்டமில்லாமலும் இருக்க வேண்டும், இறுகாமலும் இருக்க வேண்டும். கோர்ட்டுப் பொடி மண் ஒன்றிரண்டு துணுக்கு உள்ளே போனாலே பாட் ஒட்டி ஒட்டி அசையும். ஓட்டி முடித்த ஒவ்வொரு தடவையும் கழற்றித் துடைக்க வேண்டிவரும். பால் உட்காரும் பிளாஸ்டிக் கப் தேய்ந்தால் மாற்ற வேண்டும், அதைப் பட்டறையில் வெட்டி வாங்க முடியாது. இரண்டு லிங்க்கின் நீளமும் ஒன்றாக இருக்க வேண்டும். கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் பின் அச்சு கோணி வண்டி நண்டு போலப் போகும். நீளம் சரிபார்க்க வெர்னியர் காலிப்பர் கட்டாயம்.

குளிரும் இதைத்தான் அதிகம் படுத்தும். ஷாக்கில் ஆயில், இரண்டு டியூபிலும் ஆயில் என்று மூன்று இடத்தில் கெட்டியாகிறது. கீழே 20,000 என்று எண் போட்ட ஆயிலில் ஓட்டுகிறவர் (எண் கூடினால் ஆயில் கெட்டி) ஊட்டிக் காலையில் அதைவிடக் குறைந்த எண் போட்டுத்தான் அதே அசைவைப் பெற முடியும், மதியம் திரும்ப மாற்ற வேண்டும். டியூபைத் துடைத்து ஆயில் மாற்றுவது பெரிய வேலை இல்லை. விறைத்துப்போன விரலோடு செய்யும்போதுதான் பெரிய வேலை.

டி-பாரோடு டேம்பர்

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி: மெல்லிய டி-பாரை வைத்துக்கொண்டு பக்கவாட்டில் டேம்பர் டியூபோ மேலே ஃப்ரிக்ஷன் பிளேட்டோ சேர்ப்பது. சாயும் அளவைத் தட்டு தீர்மானிக்கும், சாயும் வேகத்தை நாம் தீர்மானிக்கலாம். சில கிட்டுகளில் இது கூடவே வரும், சிலவற்றுக்குத் தனியாக வாங்க வேண்டும். டி-பார் வண்டி ஏற்கெனவே வைத்திருப்பவர் புது வண்டி வாங்குவதற்கு முன் இதைச் செய்து பார்க்கலாம். புதிதாக வாங்குபவர் இதற்காகவே தேடி அலைய வேண்டாம்.

| | டி-பார் | லிங்க் | டி-பார் + டேம்பர் |
|---|---|---|---|
| வெடிப்பு விட்ட சிமெண்ட் | நன்று, மெல்லிய தட்டோடு | முடியும், நிறையப் பராமரிப்போடு | நன்று |
| கார்பெட், அதிகப் பிடிப்பு | சுமார் | மிக நன்று | பரவாயில்லை |
| காலை, மதிய வெப்பநிலை மாற்றம் | குறைவாகத் தெரியும் | நன்றாகத் தெரியும் | நடுத்தரம் |
| உதிரிபாகம் | கோவையில் வெட்டி வாங்கலாம் | கூரியர்தான் | தட்டு மட்டும் வெட்டலாம் |
| ஓட்டிய பின் வேலை | துடைத்து வைத்தால் போதும் | ஜாயிண்ட் கழற்றித் துடைக்க வேண்டும் | டியூப் மட்டும் |
| செட்டப் கற்றுக்கொள்ள | எல்லை உண்டு | எல்லை இல்லை | கொஞ்சம் கூடுதல் |

இரண்டுக்கும் பொதுவான செலவு: சமமான ஒரு பலகை

எதை வாங்கினாலும் ட்வீக் பார்க்காமல் ஓட்ட முடியாது. நாலு சக்கரத்திலும் எடை சரியாகப் பகிராமல் மூலைவிட்டமாக ஏறியிருப்பதைத்தான் ட்வீக் என்கிறோம். வண்டியைச் சமமான பலகையில் வைத்து, சேசிஸின் முன் நடுவில் கத்தி முனையைக் கொடுத்து மெதுவாகத் தூக்க வேண்டும். முன் சக்கரம் இரண்டும் ஒரே நேரத்தில் எழுந்தால் சரி. இடது முன் சக்கரம் முதலில் எழுந்தால் அதில் எடை குறைவு. லிங்க் வண்டியில் அதற்குக் குறுக்கே இருக்கும் வலது பின் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இறுக்கலாம், அல்லது இடது பின் ஸ்பிரிங்கைத் தளர்த்தலாம். டி-பாரில் அதற்கென்று ஸ்க்ரூ இருந்தால் அதைத் திருகலாம். இல்லாவிட்டால் தட்டைக் கழற்றி, எல்லா ஸ்க்ரூவையும் தளர்த்தி, பலகையில் வைத்தே திரும்ப இறுக்க வேண்டும். அப்போதும் போகாவிட்டால் தட்டு முறுகிவிட்டது, மாற்றிவிடுங்கள்.

பலகைக்காகத் தனியாகக் காசு செலவழிக்க வேண்டாம். கிரானைட் கடையில் சமையல் மேடைக்கு அறுத்து மிஞ்சிய துண்டு கிடைக்கும், பாலிஷ் போட்ட பக்கம் மேலே இருக்கட்டும். கனமான கண்ணாடித் துண்டும் ஆகும். மரப் பலகை மட்டும் வேண்டாம், இந்த ஈரத்தில் அது வளைந்துவிடும்.

மலையில் இன்னொரு குழப்பம் உண்டு. கோர்ட்டே சாய்ந்திருப்பதால் ட்வீக் இல்லாத வண்டியும் இழுக்கும். கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது: ஒரு திசையில் நேராக முழு ஆக்ஸிலரேஷன் கொடுத்துப் பாருங்கள், பிறகு வண்டியைத் திருப்பி எதிர்த்திசையில் அதையே செய்யுங்கள். முதலில் இடப்பக்கம் இழுத்தது, திருப்பிய பிறகு வலப்பக்கம் இழுத்தால் அது தரைச் சரிவு, வண்டியைத் தொடாதீர்கள். இரண்டு திசையிலும் வண்டியின் அதே கைப்பக்கம் இழுத்தால் அது ட்வீக். இதைச் செய்யாமல் ஸ்க்ரூவைத் திருக ஆரம்பிக்கிறவர்கள் சாயங்காலம்வரை திருகிக்கொண்டே இருப்பார்கள்.

டயர்: இந்த முடிவு பெரிது

பின்பக்கம் எதுவாக இருந்தாலும் சரி, ஃபோமா ரப்பரா என்பது அதைவிட அதிகமாக வண்டியை மாற்றும். கிட் தேர்ந்தெடுக்கும்போதே இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். 1/12 வண்டிகளுக்கு ஃபோம்தான் வழக்கம். 1/10 ஃபார்முலா வண்டிகளுக்கு ரப்பர் பரவலாகக் கிடைக்கும்.

ஃபோம் உள்ளரங்கத்துக்கு உரியது. கார்பெட்டில் அதன் பிடிப்புக்கு ரப்பர் பக்கத்தில் வராது. ஆனால் சொரசொரப்பான சிமெண்ட் அதை ரம்பம் போல அரைத்துவிடும், கூடவே கியரும் மாறும். பேன் காரில் மோட்டார் ஒரு சுற்று சுற்றினால் வண்டி எத்தனை மி.மீ. நகர்கிறது என்பதுதான் கணக்கு: டயர் விட்டத்தை 3.14ஆல் பெருக்கி, பினியன் பல்லால் பெருக்கி, ஸ்பர் பல்லால் வகுக்க வேண்டும். 42 மி.மீ. டயர், 32 பல் பினியன், 76 பல் ஸ்பர் என்றால் ஏறக்குறைய 55.6 மி.மீ. டயர் 40 மி.மீ.க்குத் தேய்ந்தால் அது 52.9 ஆகிவிடும். நேர்ப்பாதையில் வண்டி சோர்ந்துபோகும், பேட்டரி மேல் பழி போடுவோம். பினியனில் ஒரு பல் கூட்டினால் 54.6 வரும். அதே தேய்மானத்தில் ரைடு ஹைட்டும் (தரைக்கும் சேசிஸுக்கும் உள்ள இடைவெளி) 1 மி.மீ. இறங்கியிருக்கும். 3.5 மி.மீ.யில் வைத்த சேசிஸ் 2.5க்கு வந்தால் சிமெண்டில் உரசும். ஆக ஃபோம் என்றால் ஒரு பினியன் வரிசை, உயரம் சரிசெய்யும் மெல்லிய ஷிம் துண்டுகள், டயரைச் சீராகக் கடையும் டயர் ட்ரூயர் எல்லாம் சேர்ந்துதான் வரும். ட்ரூயர் விலையைக் கேட்டுவிட்டு உட்கார்ந்து யோசியுங்கள்.

ஈரமும் ஃபோமுக்கு ஆகாது. பனித்துளி காயாத கோர்ட்டில் ஓட்டினால் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், ஒரு பக்கம் கனமாகி வண்டி அதிரும். பிடிப்பைக் கூட்டும் டிராக்ஷன் ஆயில் தடவி ஓட்டினால் மரத்தரை ஷட்டில் ஹாலில் கறை படியும். அடுத்த வாரம் ஹால் கிடைக்காது.

ரப்பர் குளிரில் மந்தம்தான். மென்மையான காம்பவுண்டாக எடுத்து, முதல் சில சுற்று நிதானமாக ஓட்டிச் சூடேற்ற வேண்டும். மற்றபடி விட்டம் அவ்வளவாக மாறாது, கியர் மாறாது, ஈரத்தைத் துடைத்துவிட்டு ஓட்டலாம். வெளியில் ஓட்டும் மலைக்காரருக்கு ரப்பர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

யார் எதை எடுக்கலாம்

முதல் வண்டி, வெளிக் கோர்ட், நண்பர்களோடு ஞாயிற்றுக்கிழமை: ரப்பர் டயர் போட்ட டி-பார் ஃபார்முலா வண்டி. வேறு யோசனையே வேண்டாம்.

பள்ளி, கல்லூரி மாணவர்கள் சேர்ந்து ஒரு வண்டி வாங்கினால் அதுவும் டி-பார்தான். பல கை ஓட்டும் வண்டியில் சுவர் மோதல் நிச்சயம், தட்டு மலிவு.

பூட்டி வைக்க முடிகிற ஒரு ஹால், அதில் சுருட்டி விரிக்கக் கார்பெட், கூட ஓட்ட நாலு பேர் இருந்தால் 1/12 லிங்க், ஃபோம் டயர். ட்ரூயரை நாலு பேரும் சேர்ந்து வாங்கிக்கொள்ளலாம். இந்த நிலையில் டி-பார் வாங்குவது காசை மிச்சப்படுத்துவது போலத் தெரியும், சீக்கிரமே போதாமல் போகும்.

கீழே போய்ப் போட்டியில் கலந்துகொள்வதுதான் குறி என்றால் லிங்க். ஆனால் மேலே பழகிய ஆயிலோடு இறங்காதீர்கள். ஊட்டியில் 10 டிகிரியில் சரியாக இருந்த டியூப், கோவை வெயிலில் தண்ணீர் போல ஆகிவிடும். ஷாக்கையும் டியூபையும் அங்கே போய்த்தான் நிரப்ப வேண்டும்.

ஏற்கெனவே டி-பார் வண்டி இருந்து, போதவில்லை என்று தோன்றுகிறவர்கள் தட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள், அப்புறம் கிரானைட்டில் ட்வீக் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்து, அப்போதும் போதவில்லை என்றால் லிங்க்குக்குப் போகலாம்.

எதை எடுத்தாலும் கிட் ஆர்டரிலேயே தேயும் சாமானையும் சேர்த்துவிடுங்கள்: டி-பாருக்கு இரண்டு தட்டு, லிங்க்குக்கு ஒரு செட் பால் கப். ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மழை வலுத்து மலைப்பாதையில் மண் சரிந்துவிட்டால் கூரியர் மேட்டுப்பாளையத்திலேயே நின்றுவிடும்.